அணைச்சாலும் அணையாத கண்டெய்னர்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

போன மாசம் இந்தப் பத்தியில சிஸ்டம் கண்டெய்னர் பத்தி ரெண்டு பாரா எழுதியிருந்தேன். ஒரே சர்வருக்குள்ள நாலஞ்சு லினக்ஸ், பழைய வண்ணாரப்பேட்டை ஒண்டிக்குடித்தனம் மாதிரி. அடுப்பு ஆளாளுக்குத் தனி, முற்றத்துக் குழாய் மட்டும் ஒண்ணு. அந்தக் குழாய்தான் கர்னல், அதாவது எல்லாருக்கும் பொதுவான லினக்ஸோட மூலப்பகுதின்னு சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்: "ஆன் ஆகுது அக்கா, ஆஃப் ஆக மாட்டேங்குது." அதனால பிரிண்டர், வைஃபை கேள்வியெல்லாம் அடுத்த மாசத்துக்குத் தள்ளியாச்சு. கட்டளைகளையும் தமிழ் எழுத்துலயே அச்சடிக்கிறது இங்க வழக்கம். கீபோர்டுல நீங்க ஆங்கிலத்துல அடிச்சுக்குங்க.

கேள்வி: கொடுங்கையூர்ல ஒரு எக்ஸ்போர்ட் தையல் யூனிட்ல கம்ப்யூட்டர் பார்த்துக்கிறேன் அக்கா. ஒரு சர்வர், அதை நிர்வாகம் பண்ண புராக்ஸ்மாக்ஸ், அதுல நீங்க எழுதின சிஸ்டம் கண்டெய்னர் ஆறு, எல்எக்ஸ்சி வகை. அதுல ஒண்ணுக்கு மட்டும் ஷட்டவுன் கொடுத்தா ஒரு நிமிஷம் சுத்திட்டு டைம் அவுட்னு வருது. ஸ்டாப் கொடுத்தா உடனே செத்துடுது. தினமும் ஸ்டாப்பே கொடுத்துட்டா என்ன?

பதில்: "செத்துடுது"ன்னு நீங்களே சரியா எழுதியிருக்கீங்க தம்பி. ஸ்டாப்புங்கிறது 9ஆம் நம்பர் சிக்னல், கில். சிக்னல்னா ஓடுற ப்ரோகிராமுக்கு அனுப்புற சின்னத் தந்தி. மெயின் ஃபியூஸைப் பிடுங்குற வேலை. உள்ள மரியாடிபி மாதிரி டேட்டாபேஸ் இருந்தா, அடுத்த தடவை எழுந்திருக்கும்போது அது தன் லாக்கைப் படிச்சுப் பெரும்பாலும் தன்னையே சரி பண்ணிக்கும். பாதி எழுதின ஃபைலுக்கும் பாதி இறக்கின பேக்கப்புக்கும் அந்த ஏற்பாடு கிடையாது. ஒரு நாள் அவசரத்துக்குப் பண்ணலாம். தினமும் பண்ற பழக்கத்தை நான் என் கடைப் பையனுக்கே விடுறதில்ல.

ஷட்டவுன் கொடுத்தா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது. ஒவ்வொரு கண்டெய்னருக்குள்ளயும் 1ஆம் நம்பர் ப்ராசஸ் (ஓடிக்கிட்டிருக்கிற ப்ரோகிராம்) ஒண்ணு இருக்கு, வழக்கமா இனிட்னு பேர், அந்தக் குடித்தனத்தோட பெரியவர். வெளிய இருந்து எல்எக்ஸ்சி அவருக்கு ஒரு சிக்னல் அனுப்புது. அவர் உள்ள இருக்கிற சர்வீஸ்களை ஒவ்வொண்ணா நிறுத்திட்டு, கடைசியா தானும் கிளம்பணும். அவர் கிளம்பினாத்தான் கண்டெய்னர் நின்னதா அர்த்தம்.

இதுல வேடிக்கை என்னன்னா, எல்லாப் பெரியவருக்கும் ஒரே பாஷை புரியாது. எல்எக்ஸ்சி வழக்கமா அனுப்புறது சிக்பிடபிள்யூஆர். "கரன்ட் போகப்போகுது"ன்னு சொல்றதுக்காக ஏற்பட்ட பழைய சிக்னல் அது. பழைய சிஸ்வி இனிட்டுக்கு அது புரியும், ஆனா அதோட இனிட்டாப் ஃபைல்ல பவர்ஃபெயில்னு ஒரு வரி இருந்தாத்தான். இப்ப பெரும்பாலான லினக்ஸ்ல இருக்கிற சிஸ்டம்டிங்கிற இனிட்டுக்கு வேண்டியது ஆர்டிமின் கூட்டல் 3, நம்ம லினக்ஸ் கணக்குல 37ஆம் நம்பர். அதுக்கு சிக்பிடபிள்யூஆர் அனுப்பினா, அந்தப் பேர்ல இருக்கிற ஒரு டார்கெட்டை (சர்வீஸ்களைக் கோக்குற கொக்கி மாதிரி) தொடங்கிட்டுச் சும்மா இருக்கும், ஏன்னா அதுல யாரும் எதையும் கோத்து வெச்சிருக்க மாட்டாங்க. பிஸிபாக்ஸ் இனிட் இன்னொரு தினுசு: யூஎஸ்ஆர்1 கொடுத்தா ஹால்ட், யூஎஸ்ஆர்2 கொடுத்தா பவர் ஆஃப், டெர்ம் கொடுத்தா ரீபூட். ஒருத்தர் டெர்ம் அனுப்பிட்டு, "நிறுத்த நிறுத்தத் திரும்ப எழுந்து உக்காருது, பேய் பிடிச்சிருக்கா"ன்னு எனக்கு ராத்திரி போன் பண்ணினார். நம்ம ஊர்ல "அப்பால வா"ன்னா பிறகு வான்னு அர்த்தம். வெளியூர்க்காரர் கிட்ட சொன்னா எங்கப்பால்னு முழிப்பார். அந்தக் கதைதான்.

புது எல்எக்ஸ்சி உள்ள இருக்கிறது சிஸ்டம்டியான்னு பார்த்துத் தானே சிக்னலை மாத்திக்கும். அதனால உங்க ஆறுல ஒண்ணு மட்டும் அடம்பிடிக்குதுன்னா, அதுல 1ஆம் நம்பர் யாருன்னு முதல்ல பாருங்க. உள்ள போய் பிஎஸ் மைனஸ் பி (ப்ராசஸுக்கு வர்ற பி) 1. யாரோ ஒரு பழைய ஆள் இனிட்டுக்குப் பதிலா ஒரு ஷெல் ஸ்க்ரிப்டைப் போட்டுட்டுப் போயிருந்தா நான் ஆச்சரியப்பட மாட்டேன். 1ஆம் நம்பருக்குக் கர்னல் ஒரு சலுகை கொடுத்திருக்கு. "இந்த சிக்னலை நான் பார்த்துக்கிறேன்"னு அவர் முன்கூட்டியே சொல்லி வைக்காத எந்த சிக்னலும் அவரைத் தொடாது. வெளிய ஹோஸ்ட்ல, அதாவது கண்டெய்னரைத் தாங்குற சர்வர்ல இருந்து அனுப்பினாலும், கில்லும் சிக்ஸ்டாப்ங்கிற சிக்னலும் (நீங்க அழுத்துற ஸ்டாப் இல்ல, அது வேற) மட்டும்தான் விதிவிலக்கு. ஷெல் ஸ்க்ரிப்ட்ல சிக்னலைப் பிடிக்கிற ட்ராப் வரி எழுதலைன்னா நீங்க அனுப்புறது செவிடன் காதுல ஊதின சங்குதான்.

ரெண்டு நிமிஷத்துல முடியுற சோதனை ஒண்ணு இருக்கு. கண்டெய்னருக்குள்ள நுழைஞ்சு பவர்ஆஃப்னு அடிங்க. உள்ள இருந்து சொன்னா ஒழுங்கா அணையுது, வெளிய இருந்து சொன்னா மட்டும் அணையலைன்னா, கோளாறு சிக்னல்லதான். கண்டெய்னரோட கான்ஃபிக் ஃபைல்ல எல்எக்ஸ்சி புள்ளி சிக்னல் புள்ளி ஹால்ட்னு ஒரு வரி போட்டு, உள்ள இருக்கிறவருக்குப் புரியுற சிக்னலைச் சொல்லிட்டா முடிஞ்சது. உள்ள இருந்து சொன்னாலும் தொங்குதுன்னா சிக்னலை விட்டுடுங்க, கீழ இருக்கிற பதில்களைப் படிங்க.

எது எப்படியோ, ஸ்டாப்பை அழுத்துறதுக்கு முன்னாடி யாருக்காக யார் காத்திருக்காங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டு அழுத்துங்க. செத்த பிறகு கேட்டா ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டாங்க.

கேள்வி: டோக்கர் கண்டெய்னர் பத்தே செகண்ட்ல நிக்குது. எங்க காலேஜ் லேப்ல இருக்கிற எல்எக்ஸ்சி ஒன்றரை நிமிஷம் எடுக்குது. எதுல கோளாறு? (தண்டையார்பேட்டை வாசகி)

பதில்: ரெண்டும் வேற வேற சரக்கு தங்கச்சி. டோக்கர்ல வழக்கமா ஒரு அப்ளிகேஷன்தான் ஓடும். டெர்ம் சிக்னல் கொடுத்து 10 செகண்ட் பார்க்கும், போகலைன்னா கில். பத்து செகண்ட்ல "நிக்குது"ன்னு நீங்க நினைக்கிறதுல பாதி உண்மையில கொலைதான். எல்எக்ஸ்சிக்குள்ள முழு லினக்ஸே இருக்கு: லாக் எழுதுறவர், க்ரான், எஸ்எஸ்எச், டேட்டாபேஸ்னு பெரிய குடும்பம்.

ஒன்றரை நிமிஷம்னு நீங்க எழுதினதுதான் எனக்குத் துப்பு. சிஸ்டம்டி ஒரு சர்வீஸை நிறுத்தச் சொல்லிட்டு, சொந்தமா எதுவும் எழுதி வைக்கலைன்னா, 90 செகண்ட் பொறுக்கும். அப்புறம்தான் கில். அதாவது உங்க கண்டெய்னர் தொங்கலை, உள்ள ஒரே ஒரு சர்வீஸ் பிடிவாதம் பண்ணுது. ஷட்டவுன் கொடுத்த கையோட, வெளிய இருந்து எல்எக்ஸ்சி-அட்டாச்ல நுழைஞ்சு சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-ஜாப்ஸ் அடிங்க. ரன்னிங்னு எதுக்கு நேரா இருக்கோ அதுதான் ஆள். மத்ததெல்லாம் அதுக்காக வெயிட்டிங்னு வரிசையில நிக்கும். நுழைய முடியலைன்னா திரும்ப ஆன் பண்ணி, ஜர்னல்சிடிஎல்ல மைனஸ் பி (பூட்டுக்கு வர்ற பி) மைனஸ் 1 போட்டு, போன ஓட்டத்தோட கடைசி வரிகளைப் படிங்க. ஜர்னல் வட்டுல சேமிக்கிற மாதிரி வெச்சிருந்தாத்தான் இது கிடைக்கும், அதையும் பார்த்துக்குங்க.

ஆள் கிடைச்சதும் அவசரப்பட்டு எல்லாத்துக்கும் சேர்த்து 90ஐ 10 ஆக்கிடாதீங்க. டேட்டாபேஸுக்கு நிஜமாவே நேரம் வேணும். அந்த ஒரு சர்வீஸுக்கு மட்டும் டைம்அவுட்ஸ்டாப்செக் வரியைக் குறைச்சு எழுதுங்க. இன்னொண்ணு, எல்எக்ஸ்சி-ஸ்டாப் தானா 60 செகண்ட்தான் காத்திருக்கும். உள்ள 90, வெளிய 60. அந்தக் கணக்கு இடிக்கிறதாலயே அநியாயமா அடிபட்ட கண்டெய்னர் எத்தனையோ. மைனஸ் டி (டைமுக்கு வர்ற டி) போட்டு வெளிய 120 கொடுத்துப் பாருங்க.

கேள்வி: எங்க ஆபீஸ் கண்டெய்னருக்கு கில் மைனஸ் 9 அடிச்சும் போகல. அதுவும் போகலைன்னா வேற என்னதான் இருக்கு? (எர்ணாவூர்)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன், ஏன்னா இதுல நான் அடி வாங்கியிருக்கேன்.

தம்பு செட்டி தெருவுல, காளிகாம்பாள் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். பேர் வேண்டாம், இன்னமும் எனக்கு வேலை தர்றாங்க. சரக்கு ஆவணம் எல்லாம் மேல பரண்ல இருக்கிற ஒரு நாஸ் பெட்டியில (நெட்வொர்க்ல மாட்டின வட்டுப் பெட்டி), அதை நெட்வொர்க் வழியா ஃபைல் தர்ற என்எஃப்எஸ் மூலமா சர்வர்ல மவுன்ட் பண்ணி, அதாவது ஒரு அடைவா இணைச்சு, அதே அடைவு கண்டெய்னருக்குள்ளயும் தெரியுற மாதிரி பைண்ட் மவுன்ட். தீபாவளிக்கு முந்தின நாள் சாயங்காலம், நாலு நாள் லீவு, சர்வரை அணைச்சுட்டுப் போகலாம்னு உக்கார்ந்தேன். கண்டெய்னர் அணையலை. கில் அடிச்சேன், அணையலை. மறுபடியும் அடிச்சேன். லிஃப்ட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்குறவங்களைப் பார்த்துச் சிரிக்கிறவ நான்.

அப்புறம்தான் புத்தி வந்து டாப் கட்டளை போட்டுப் பார்த்தேன். சிபியு 98 சதவீதம் சும்மா இருக்கு, ஆனா லோட் ஆவரேஜ், அதாவது வரிசையில நிக்கிற ப்ராசஸ்களோட சராசரி, 14. இது பொருந்தாத ஜோடி. வேலையே நடக்காம லோட் ஏறியிருந்தா, டி (டெல்லிக்கு வர்ற டி) நிலையில நிக்கிற ப்ராசஸ் இருக்குன்னு அர்த்தம், ஏன்னா லினக்ஸ் அதுங்களையும் லோட்ல சேர்த்துக் கணக்கு பண்ணும். பிஎஸ் மைனஸ் இஓ போட்டு பிட், ஸ்டாட், டபிள்யூசான், சிஎம்டி நாலையும் கேட்டேன். பதினாலு வரியில டி. டபிள்யூசான் பத்தியில, அதாவது கர்னலுக்குள்ள எந்த இடத்துல தூங்குதுன்னு சொல்ற பத்தியில, என்எஃப்எஸ், ஆர்பிசின்னு ஆரம்பிக்கிற பேர்கள்.

டி நிலைன்னா என்ன? மெட்ரோ வாட்டர் லாரி வந்து குடத்தைக் குழாய்க்குக் கீழ வெச்சாச்சு, தண்ணி விழுந்துக்கிட்டிருக்கு. அப்ப வீட்டுல இருந்து யார் கூப்பிட்டாலும் அசைய முடியாது இல்ல? கர்னல் வேலையில அந்த மாதிரி நடுவுல நிக்கிற ப்ராசஸுக்கு சிக்னல் போய்ச் சேரும், ஆனா அது திரும்பி வந்தாத்தான் அதைப் படிக்கும். கில்லும் அப்படித்தான். என்எஃப்எஸ்ல நிலைமை முன்னைக்கு இப்ப தேவலை. 2008ல வந்த 2.6.25 கர்னல்ல இருந்து, கில்லுக்கு மட்டும் மசியுற ஒரு தூக்க நிலையைக் கொண்டாந்தாங்க. என்எஃப்எஸ் காத்திருப்புல பல இடம் இப்ப அந்த வகை. ஆனா எழுதின பக்கம் வட்டுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் காத்திருக்கிற இடம் இருக்கே, அங்க கில்லும் செல்லாது.

சரி, நாஸ் ஏன் பதில் சொல்லலை? டார்ச் அடிச்சுப் பரண்ல பார்த்தேன். நாஸ் உயிரோடதான் இருந்தது. அதுக்குப் போற நெட்வொர்க் ஸ்விட்ச்தான் அணைஞ்சு கிடந்தது. அதோட ப்ளக்கைப் பிடுங்கிட்டு, அந்த இடத்துல சாமி படத்துக்கு சீரியல் பல்பு மாட்டியிருந்தாங்க. பல்பு ஜோரா மின்னுது. ப்ளக்கை மாத்திச் சொருகினேன். ஒரு நிமிஷத்துக்குள்ள பதினாலு ப்ராசஸும் விட்ட இடத்துல இருந்து வேலையை முடிச்சு, முன்னாடியே வாங்கி வெச்சிருந்த கில்லையும் படிச்சுச் செத்து, கண்டெய்னர் அதுபாட்டுக்கு அணைஞ்சது. ஹார்ட் மவுன்ட்னா அப்படித்தான், சர்வர் திரும்ப வர்ற வரைக்கும் விடாம கேட்டுக்கிட்டே இருக்கும். மணி பத்தரை. பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு ப்ளேட் அத்தோ சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போனேன்.

அதனால எர்ணாவூர் தம்பி, முதல்ல டபிள்யூசான் பாருங்க. போதலைன்னா ப்ராக் அடைவுல அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழ ஸ்டாக்னு ஒரு ஃபைல் இருக்கு, ரூட்டா (அட்மினா) படிச்சா கர்னலுக்குள்ள அது எங்க மாட்டியிருக்குன்னு வரி வரியா சொல்லும். ஒட்டுமொத்தமா பார்க்கணும்னா ப்ராக்ல சிஸ்ஆர்கியூ-ட்ரிக்கர் ஃபைல்ல டபிள்யூங்கிற ஒரு எழுத்தை எக்கோ பண்ணுங்க. மாட்டிக்கிட்டு நிக்கிற எல்லாரோட ஜாதகமும் கர்னலோட செய்திப் பதிவுல (டிமெஸ்ஜி) கொட்டும். என்எஃப்எஸ்னா அந்தப் பக்கத்தை உயிர்ப்பிக்கிறதுதான் நல்ல வைத்தியம். முடியலைன்னா யூமவுன்ட் மைனஸ் எஃப், அப்புறம் மைனஸ் எல். "சாஃப்ட் மவுன்ட் பண்ணிட்டா தொங்காதே அக்கா"ன்னு சில பேர் சொல்வாங்க. தொங்காது, ஆனா எழுதினது பாதியில போய்டும், அப்ளிகேஷன் அதைக் கவனிக்காம விட்டா ஃபைலே கெட்டுப்போகும். சரக்கு ஆவணத்துக்கு நான் அதைப் போட மாட்டேன்.

ஒருவேளை நீங்க ஹோஸ்டையே அணைக்கும்போது மட்டும் இப்படி ஆகுதுன்னா, கண்டெய்னர் இறங்குறதுக்கு முன்னாடியே நெட்வொர்க்கும் மவுன்ட்டும் இறங்கிடுது. சிஸ்டம்டி எழுப்பின வரிசைக்குத் தலைகீழாத்தான் அணைக்கும். கண்டெய்னரை எழுப்புற சர்வீஸ்ல ஆஃப்டர் வரியில ரிமோட்-எஃப்எஸ் டார்கெட் இருக்கான்னு பாருங்க. இருந்தா கண்டெய்னர் முதல்ல இறங்கும், மவுன்ட் அப்புறம்.

கேள்வி: கூகுள் ட்ரைவை ஆர்க்ளோன் மூலமா கண்டெய்னருக்குள்ள மவுன்ட் பண்ணியிருக்கேன். அதுலயும் இதே தொல்லை வருமா? (மூலக்கடை)

பதில்: வரும். அது ஃப்யூஸ் வகை மவுன்ட், பதில் சொல்ல வேண்டியதே ஒரு சாதாரண ப்ராசஸ்தான். ஷட்டவுன்ல அந்த ப்ராசஸ் முதல்ல மாட்டிக்கிட்டா, அது கிட்ட ஃபைல் கேட்டு நிக்கிறவங்க எல்லாம் அம்போ. சிஸ் அடைவுல எஃப்எஸ், ஃப்யூஸ், கனெக்ஷன்ஸ்னு உள்ள போனா எண் எண்ணா அடைவுகள் இருக்கும். மாட்டினதுல அபார்ட் ஃபைல்ல 1 எழுதினா இணைப்பு அறுந்து எல்லாரும் விடுபடுவாங்க. எண்ணை மாத்தி எழுதிட்டு என்னைத் திட்டாதீங்க.

கேள்வி: ஹோஸ்டைப் புது வெர்ஷனுக்கு மாத்தின நாள்ல இருந்து, பழைய சென்ட்ஓஎஸ் 7ங்கிற லினக்ஸ் ஓடுற கண்டெய்னர் ஒண்ணு ஷட்டவுன் ஆகலை. அதுல ஒரு பழைய கணக்கு சாஃப்ட்வேர் இருக்கு, விட முடியாது. (மணலி)

பதில்: ஷட்டவுன் ஆகலைன்னு எழுதியிருக்கீங்க. முதல்ல அது ஒழுங்கா ஆன் ஆச்சான்னு பாருங்க. என் அனுபவத்துல இது ஆன் ஆகாத நோய், அணைக்கும்போதுதான் கண்ணுல படுது.

ப்ராசஸ்களைக் கூட்டம் கூட்டமா பிரிச்சு நிர்வாகம் பண்ற கர்னல் வசதிக்கு சிகுரூப்னு பேர். 2008 ஜனவரியில 2.6.24 கர்னலோட வந்தது. அதோட ரெண்டாம் பதிப்பு 2016ல 4.5 கர்னல்ல முறைப்படி வந்தது. இப்ப வர்ற ஹோஸ்ட் எல்லாம் ரெண்டாம் பதிப்பை மட்டும் மாட்டி வைக்குது. புராக்ஸ்மாக்ஸ் 2021ல வந்த 7ஆம் வெர்ஷன்ல அதுக்கு மாறினாங்க. சென்ட்ஓஎஸ் 7ல இருக்கிற சிஸ்டம்டி 219க்கு அது தெரியாது. எழுந்திருக்கும்போதே தன் சிகுரூப் இல்லாம உள்ள இருக்கிற பெரியவர் உறைஞ்சு போயிடுவார். கண்டெய்னர் ரன்னிங்னு காட்டும், உள்ள ஒண்ணும் ஓடாது, ஷட்டவுன் சிக்னலை வாங்கவும் ஆள் இருக்காது.

தற்காலிக வைத்தியம், ஹோஸ்டோட கர்னல் வரியில சிஸ்டம்டி புள்ளி யூனிஃபைட் சிகுரூப் ஹையரார்க்கி சமம் 0ன்னு போட்டு ரீபூட். அது மத்த எல்லாக் கண்டெய்னரையும் பழைய முறைக்கு இழுக்கும், புது சிஸ்டம்டிகள்ல இந்த வழியையே எடுத்துட்டாங்க. சென்ட்ஓஎஸ் 7க்கு 2024 ஜூன் 30ஓட பாதுகாப்பு அப்டேட்டும் நின்னாச்சு. அந்த ஒண்ணை மட்டும் தனி விர்ச்சுவல் மெஷினுக்கு மாத்திடுங்க. அங்க அதுக்குச் சொந்தமா கர்னல் இருக்கும், முற்றத்துக் குழாய்ச் சண்டை கிடையாது.

கேள்வி: கண்டெய்னர் நிக்கிற நேரத்துல ஹோஸ்ட் திரையில பத்து செகண்டுக்கு ஒரு தடவை "அன்ரெஜிஸ்டர் நெட்டிவைஸ்: வெயிட்டிங் ஃபார் எல்ஓ டு பிகம் ஃப்ரீ"ன்னு வருது. எல்ஓ யாரு? (பெரம்பூர்)

பதில்: எல்ஓன்னா லூப்பேக். ஒவ்வொரு கண்டெய்னருக்கும் சொந்தமா இருக்கிற 127.0.0.1 வாசல். கண்டெய்னர் போனதும் அதோட நெட்வொர்க்கையும் கர்னல் இடிக்கணும். இடிக்கிறதுக்கு முன்னாடி "இன்னும் எத்தனை பேர் இதைப் பிடிச்சிருக்கீங்க"ன்னு எண்ணும். அந்த எண்ணிக்கைதான் வரிக்கடைசியில வர்ற யூசேஜ் கவுண்ட். ஏதோ ஒரு பழைய இணைப்போ நெட்வொர்க் வழித்தடப் பதிவோ கையை எடுக்கலைன்னா காத்திருக்கும். சில சமயம் ரெண்டு மூணு நிமிஷத்துல தானா தீர்ந்துடும், டீ குடிச்சுட்டு வந்து பாருங்க. எண்ணிக்கை 1லயே நின்னு அரை மணி ஆச்சுன்னா அது கர்னல் கணக்குல பிசகு. எடுத்த கையைக் கணக்குல கழிக்க மறந்திருக்கு. வெளிய இருந்து நீங்க பண்ண ஒண்ணும் இல்ல. அந்த நேரத்துல புதுக் கண்டெய்னரைத் தொடங்கினா அதுவும் தொங்கலாம், ஏன்னா நெட்வொர்க் பூட்டு இவர் கையில. கர்னலை அப்டேட் பண்ணி ரீபூட் பண்றதுதான் வழி.

ரீபூட்டே தொங்கினா: முன்னாடி சொன்ன அதே சிஸ்ஆர்கியூ-ட்ரிக்கர்ல எஸ், கொஞ்ச நேரம் விட்டு யூ, கடைசியா பி (பூட்டுக்கு வர்ற பி). எஸ் வட்டுல எழுத வேண்டியதை எழுதும், யூ வட்டைப் படிக்க மட்டும்னு மாத்தும், பி அந்த நிமிஷமே ரீபூட். பியை முதல்ல அடிச்சவங்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: நீங்க இவ்வளவு சொல்றீங்களே, நீங்களே தொங்கவிட்ட கண்டெய்னர் உண்டா? (வியாசர்பாடி)

பதில்: உண்டு, குசும்புக்காரரே. ஒரு பள்ளிக்கூட சர்வருக்கு நானே ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதினேன். நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்எக்ஸ்சி நூலகத்தோட அட்டாச் வழியா கண்டெய்னருக்குள்ள நுழைஞ்சு வட்டுல எவ்வளவு இடம் இருக்குன்னு பார்க்கும். மூணு வாரம் அருமையா ஓடிச்சு. ஒரு நாள் கண்டெய்னரை அணைச்சா, பெரியவர் கிளம்பலை. உள்ள உயிரோட ஒருத்தரும் இல்ல, டி நிலையிலயும் இல்ல. ஸ்டாக் ஃபைல்ல ஸாப் பிட் என்எஸ் ப்ராசசஸ்னு ஒரே பேர்.

1ஆம் நம்பர் போகும்போது, அவர் எல்லைக்குள்ள இருக்கிற எல்லாருக்கும் கர்னல் கில் கொடுத்து, ஒவ்வொருத்தர் கணக்கும் முடியுற வரைக்கும் அவரை நிறுத்தி வைக்கும். வெளிய இருந்து உள்ள நுழைஞ்ச ப்ராசஸுக்குத் தாய் வெளியதான் இருக்கா. அது செத்தா அந்தத் தாய்தான் வெயிட்னு ஒரு அழைப்பு போட்டுக் கணக்கை முடிக்கணும். அது வரைக்கும் ஜாம்பி. என் ஸ்க்ரிப்ட்ல அட்டாச் போட்டேன், வெயிட் போட மறந்துட்டேன். ஆயிரக்கணக்குல ஜாம்பி, தாய் நானே. ஸ்க்ரிப்டைக் கொன்னதும் ஹோஸ்டோட இனிட் அத்தனையையும் தத்தெடுத்துக் கணக்கு முடிச்சது, கண்டெய்னரும் அதே நொடியில போச்சு. பள்ளிக்கூடத்துல "ஏதோ அப்டேட் பிரச்சினை"ன்னு சொல்லிச் சமாளிச்சேன். இப்ப அவங்களும் படிப்பாங்க. ஸ்க்ரிப்ட்ல அட்டாச்_வெயிட்னு மாத்தி மூணு வருஷம் ஆச்சு சார்.

கேள்வி: மழைக்காலத்துல கரன்ட் போனா யுபிஎஸ் அஞ்சு நிமிஷம் தாங்குது. எட்டுக் கண்டெய்னரும் அணையுறதுக்குள்ள பேட்டரி தீர்ந்துடுது. (திருவொற்றியூர்)

பதில்: ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு இறங்கி, ஒவ்வொண்ணும் 60 செகண்ட் முழுசா எடுத்தா எட்டு நிமிஷம். பேட்டரி அஞ்சு. கணக்கே உதைக்குது. புராக்ஸ்மாக்ஸ்ல ஆளுக்கொரு வரிசை எண் கொடுத்திருப்பீங்க, அதான் இப்படி. ஒரே எண் கொடுத்தா அதுங்க சேர்ந்தே இறங்கும். டேட்டாபேஸுக்கு மட்டும் சின்ன எண், எழும்போது முதல்ல, இறங்கும்போது கடைசியில. மத்த ஏழுக்கும் ஒரே எண் போட்டு டைம் அவுட் 40 வைங்க, டேட்டாபேஸுக்கு 120. மொத்தம் மூணு நிமிஷத்துக்குள்ள அடங்கும். டைம் அவுட் தீர்ந்ததைக் கில் பண்ணுவாங்க, கரன்ட் போற நேரத்துல அதுக்கு நான் ஆட்சேபம் சொல்ல மாட்டேன். புராக்ஸ்மாக்ஸுக்குப் பதிலா இன்கஸ்ங்கிற கண்டெய்னர் மேலாளர் வெச்சிருக்கிறவங்களுக்கு பூட் புள்ளி ஹோஸ்ட்_ஷட்டவுன்_டைம்அவுட்னு ஒரு அமைப்பு இருக்கு, தொடாம விட்டா 30 செகண்ட். அதுல டேட்டாபேஸ் ஓடினா 30 போதாது, ஏத்திக்குங்க.

யுபிஎஸ் அஞ்சு நிமிஷம்னா, கரன்ட் போன முதல் நிமிஷமே ஷட்டவுன் தொடங்கணும், பேட்டரி லோன்னு கத்துற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. பேட்டரி வாங்கி எத்தனை வருஷம் ஆச்சுன்னும் பாருங்க. உங்க பக்கம் கடற்காத்துல டெர்மினல்ல பச்சை பூத்து நிக்கும், என் மாமியார் வீடு அங்கதான்.

கேள்வி: கண்டெய்னர்னாலே எனக்கு எண்ணூர் ரோட்ல ராத்திரி பூரா வரிசை கட்டி நிக்கிற ட்ரெய்லர்தான் ஞாபகம் வருது. அதுக்கும் உங்க கண்டெய்னருக்கும் என்ன சம்பந்தம்? (காசிமேடு)

பதில்: பேர் அங்க இருந்து வந்ததுதான். உள்ள என்ன சரக்கோ, பெட்டி ஒரே அளவு, எந்தக் கப்பல்லயும் ஏறும். எங்கப்பா துறைமுகத்துல விஞ்ச் ஓட்டினவர். 1983ல கண்டெய்னர் டெர்மினல் வந்தப்ப, "இனிமே மூட்டை எண்ண ஆள் வேணாம் போல"ன்னு வீட்டுல வந்து சொன்னார்னு அம்மா இன்னமும் சொல்வாங்க. துறைமுகத்து ஜீரோ கேட்ல நிக்கிற ட்ரெய்லர் ஏன் நகரலைன்னு கேட்டா, முன்னாடி நிக்கிறவர் நகரலை. அவர் ஏன் நகரலைன்னா உள்ள ஒரு பேப்பர் வரலை. லிஸ்ட்-ஜாப்ஸ் மாதிரி அங்கயும் ஒரு கட்டளை இருந்தா டிரைவருங்க எனக்கு மீன் குழம்பு ஊத்துவாங்க.